தீப்பல்லியும் விறகுக்காரியும்

மலைகள் மேகத்துக்குள் ஒளிந்திருந்த காலத்தில் வெண்கோடன் என்றொரு அரசன் இருந்தான், கேளுங்கள். நல்லவன்தான். ஆனால் பட்டு உடுத்தியவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான்.

அவன் சபைக்குக் கடல் கடந்து ஒரு வணிகன் வந்தான். தான் கொண்டுவந்த கட்டைகளை அடுக்கித் தீ மூட்டினான். கொஞ்ச நேரத்தில் புகைக்குள்ளிருந்து ஒரு பிராணி நடந்து வந்தது. பல்லி போன்ற உடல், கரிய தோல், முதுகில் மஞ்சள் பொட்டுகள்.

"தீயில் பிறந்து தீயைத் தின்னும் தீப்பல்லி, அரசே. இதன் தைலத்தைப் பூசியவனை நெருப்பு தொடாது" என்றான்.

முதல் நாள் அரசன் வியந்தான். இரண்டாம் நாள் புலவர்கள் பாடினார்கள். மூன்றாம் நாள் ஆணை பிறந்தது. பகைவன் தன் கோட்டையைச் சுற்றி நெருப்பு வளர்த்திருந்தான். நாற்பது வீரர்கள் தைலம் பூசி அதைக் கடக்க வேண்டும்.

அந்த நாற்பதில் ஒருவன், அரண்மனைக்கு விறகு போடும் கொற்றியின் கணவன்.

கொற்றிக்கு முதல் நாளே சந்தேகம். கொட்டகை நிறைய அவளுடைய காய்ந்த விறகு கிடக்க, வணிகன் ஏன் பாசி பிடித்த பொந்துக் கட்டைகளைக் கப்பலில் சுமந்து வந்தான்? தீயில் பிறந்த பிராணிக்கு உடம்பெல்லாம் ஏன் ஈரம்?

"விடு கொற்றி, அரசாணை" என்றான் கணவன்.

அவள் விடவில்லை. வீரர்கள் தைலம் பூசி நின்ற காலையில் சபைக்குள் நுழைந்து, "வணிகன் சொல்வது பொய்" என்றாள்.

அமைச்சர் சிரித்தார். "உன் விறகை அவன் வாங்கவில்லை. அந்தப் பொறாமைதானே?"

"பொறாமைதான் சாமி. அதனால்தான் உற்றுப் பார்த்தேன்."

விறகுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டையை அடுப்பில் வைக்குமுன் தரையில் மூன்று முறை தட்டுவார்கள், உள்ளே இருக்கும் தேளும் பூரானும் பிழைத்துப் போகட்டும் என்று. கொற்றி வணிகனின் கட்டை ஒன்றை எடுத்தாள். ஒரு தட்டு, ஒன்றுமில்லை. இரண்டு தட்டு, மண் உதிர்ந்தது. மூன்றாம் தட்டில் பொந்திலிருந்து ஒரு தீப்பல்லி விழுந்தது.

"தீயைத் தேடிக் கட்டைக்குள் புகுந்துவிட்டது" என்றான் வணிகன்.

கொற்றி தன் விறகில் தீ மூட்டி, அதன் பக்கத்தில் பல்லியை விட்டாள். அது தீயைப் பார்த்ததும் திரும்பி ஓடி, தண்ணீர்க் குடத்தின் அடியில் பதுங்கியது.

"அதற்குக் கூச்சம்" என்றான் வணிகன்.

"உனக்குக் கூச்சமில்லையே ஐயா. தைலத்தைப் பூசிக்கொண்டு நீ போ" என்றாள் கொற்றி.

அரசன் தைலக் குடுவையை எடுத்து நீட்டினான். வணிகன் அதை வாங்காமல் அவன் காலில் விழுந்தான்.

அவனை நாடு கடத்தினார்கள். நாற்பது பேரும் வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள். தைல நாற்றம் போக மூன்று நாள் ஆயிற்று.

ஆகவே, நெருப்பிலிருந்து ஒன்று வெளியே வந்தால், வியப்பதற்கு முன் அது உள்ளே எப்படிப் போனது என்று கேட்க வேண்டும்.