திருநீற்றுப் பொட்டலத்தில் வந்த நூல்

நாற்பத்தேழு ரூபாய் ஆறணா. அச்சுக்கூட முதலாளி பொன்னுரங்கருக்கு மாசிலாமணியார் தரவேண்டிய காகிதக் கடன் அவ்வளவு. விக்டோரியா ராணி காலத்துச் சென்னைப்பட்டணத்தில், அதே அச்சுக்கூடத்தில் மை உருளை தள்ளுவதுதான் அவர் பிழைப்பு. முப்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர், ரயில், கிரகணம், தந்தி, பாம்புக்கடி என்று நாற்பத்தொரு சிறுநூல்கள் எழுதிவிட்டார். ஒவ்வொரு நூலிலும் முதல் தாளைத் திருவொற்றியூருக்கு நடந்தே கொண்டுபோய், எழுத்தறியும் பெருமான் சந்நிதிப் படியில் வைத்த பிறகுதான் விற்பார்.

"மை தள்ளுறவரு புஸ்தகம் போடுறாராம்! வெண்பா ஒண்ணு கட்டத் தெரியுமாய்யா உமக்கு?" என்று புலவர்கள் சிரிப்பார்கள்.

"தெரியாதுங்க. கொதிக்கிற தண்ணி ரயிலை எப்படி இழுக்குதுன்னு தெரியும். உங்களுக்கு?" என்பார்.

ஒரு கோடையில் வாந்திபேதி பரவியது. அதற்கும் நூல் எழுதி ஐந்நூறு படிக்குத் தாள் அடித்தார். மெல்லப் படிப்பவர்கள் உச்சி வரியோடு நின்றுவிடுவார்கள் என்று, பக்கம் தவறாமல் மேலே "தண்ணீரைக் காய்ச்சிக் குடி" என்றே போட்டார். தாள்களை நூலாகத் தைப்பதற்குமுன் பொன்னுரங்கர் வந்தார். அவர் மைத்துனர் பேதிக்கு மருந்தென்று தைலம் விற்பவர்.

"தைலம் போதும், தண்ணி காய்ச்ச வேணாம்னு மாத்திடுய்யா. கடன் மொத்தமும் தள்ளுபடி."

"நம்பினவன் செத்துப்போவான் முதலாளி. அந்தப் பொய்யை ஒற்றியூரார்கிட்ட நான் கொண்டுபோக மாட்டேன்."

அன்றே வேலை போயிற்று. தாள்களை முதலாளி பழங்காகிதமாக எடைக்குப் போட்டார். மாசிலாமணியார் சந்நிதியில் வெறுங்கையோடு நின்றார், அழவில்லை. "எழுதினது நிஜம். எழுத்து அறிஞ்சவரு நீருதானே, பார்த்துக்கும்" என்று சண்டைக்காரரைப் போலச் சொல்லிவிட்டு, கடற்கரையில் மூட்டை சுமக்கப் போனார்.

அந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்ததோ ஒற்றியூர்ச் சந்நிதித் தெருத் திருநீற்றுக் கடைக்கு. கடைக்காரர் பக்கம் பக்கமாகக் கிழித்துத் திருநீறு மடித்தார். பேதிக்குப் பயந்து திருநீறு வாங்காத வீடில்லை. பொட்டலத்தைப் பிரித்தவர்கள் உச்சி வரியைச் சாமி உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுப்புக்கு அடுப்பு தண்ணீர் கொதித்தது.

ஆடி பிறந்ததும் பொன்னுரங்கரின் மனைவி தையலம்மாள், கணவரையும் கடன்பத்திரத்தையும் கையோடு கொண்டு கடற்கரைக்கு வந்தார்.

"எங்க தெருவே பிழைச்சுது அண்ணே. எங்கண்ணன் தைலத்தை நம்பின வீட்டுல மூணு பேரு போயிட்டாங்க."

"நான் எடைக்குத்தானே போட்டேன்…" என்று இழுத்தார் பொன்னுரங்கர்.

"நீங்க எடைக்குப் போட்டீங்க. அவரு எடுத்து வீடு வீடா குடுத்துட்டாரு!" தையலம்மாள் வடக்கே ஒற்றியூர்ப் பக்கம் கைகாட்டினார். "ம், கிழிங்க."

பொன்னுரங்கர் கிழித்தார். நாற்பத்தேழு ரூபாய் ஆறணாவும் கடற்காற்றோடு போயிற்று. ஒரு பொய்யை எழுத மாட்டேன் என்று மூட்டை சுமந்த அந்த அடியாரின் தோள்கள் வாழ்க.