மோரிஸ் காருக்கு ஒரு சிவப்பு

அருப்புக்கோட்டை பைபாஸ் ரோட்டில் கோட்டைச்சாமி ஒரு ஒர்க்ஷாப் வைத்திருந்தார். அவருக்கு உதவிக்கு இரண்டு பேர்: சூசை, ராக்கப்பன். மூவரும் நல்லவர்கள். சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள். அதுதான் சிக்கல்.

அதுவரை டிராக்டருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமியிடம், பஞ்சு மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற தனுஷ்கோடி தன் அப்பா காலத்து மோரிஸ் மைனர் காரைக் கொண்டுவந்து விட்டார். மகள் வளர்மதி கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் இந்தக் காரில்தான் போகவேண்டும்.

"எங்கப்பா வாங்கினப்ப இது சிவப்பு. எந்தச் சிவப்புன்னு எனக்கு ஞாபகமில்லை. நீங்களே நல்லதாப் பாருங்க. பார்த்தா ஊரே திரும்பிப் பார்க்கணும்" என்றார்.

கோட்டைச்சாமிக்கு நெஞ்சு விம்மியது. இந்தக் கார் மட்டும் நன்றாக அமைந்துவிட்டால் மதுரை வரைக்கும் தன் பெயர் போய்விடும் என்று நினைத்தார். ஒரு மாதம் தட்டி, நிமிர்த்தி, மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பார்த்து, காரைச் சாம்பல் நிறத்தில் தயாராக நிறுத்தினார்கள்.

பெயிண்ட் கடைக்காரர் சிவப்பு மாதிரி அட்டைகளை ஒரு கத்தையாகக் காட்டினார். அதில் பிடித்த சிவப்பை எல்லாம் வாங்கி, ஆளுக்கொரு தகரத்துண்டில் அடித்துக்கொண்டார்கள்.

"திரும்பிப் பார்க்கணும்னா, முதல்ல அவங்க அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றார் கோட்டைச்சாமி.

"கரெக்ட்ண்ணே. இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருக்கிறவன் எப்படித் திரும்புவான்?" என்றான் சூசை.

எதிர்த்த டீக்கடையில் கூட்டம் டிவி பார்த்துக்கொண்டிருந்தது. மூவரும் சத்தமில்லாமல் போய் அவர்கள் முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரும் திரும்பவில்லை. தகரத்தை மாற்றினார்கள். அப்போதும் இல்லை.

"எல்லாமே மட்டமான சிவப்பு" என்று ராக்கப்பன் வருத்தப்பட்டான். கை வலித்ததில் அவன் தகரம் நழுவி, கடைவாசலில் இருந்த பித்தளைக் குடத்தின் மேல் ணங்கென்று விழுந்தது. கடையே திரும்பிப் பார்த்தது.

"இதுதாண்டா சிவப்பு!" என்று கோட்டைச்சாமி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தனுஷ்கோடிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் பத்திரிகை வைக்கும் அவசரத்தில் இருந்தார். "வெயில்லயும் பாரு, நிழல்லயும் பாரு. ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு அடி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தகரத்தைப் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் வைத்தார்கள். வெயில் பக்கம் பளிச்சென்று இருந்தது, நிழல் பக்கம் மங்கலாக இருந்தது. மூவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அசையாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் கம்ப்ரசரைப் போட்டுவிட்டு, கடைசி ஆலோசனை நடந்தது.

"கண்ணைன்னுதானே சொன்னாரு, கண்களைன்னு சொல்லலையே. ஒரு கண்ணு போதும்ண்ணே" என்றான் சூசை.

கோட்டைச்சாமி யோசித்தார். "ஒரு கண்ணுன்னா எந்தக் கண்ணுன்னு சொல்லியிருப்பாரு. பெரிய மனுசன். சொல்லலைன்னா ரெண்டையும்தான்."

"நான் கண்ணாடியைக் கழட்டணுமா?" என்றான் ராக்கப்பன்.

"போட்டுக்க. கண்ணாடியைப் பத்தி அவர் பேசலை."

மூவரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. செருப்புச் சத்தம் டீக்கடைப் பக்கமாகப் போனது.

"யாரோ வந்திருக்காங்கண்ணே" என்றான் ராக்கப்பன்.

"வரட்டும். வேலை முடியாம கண்ணைத் திறந்துறாதே."

கோட்டைச்சாமி ஸ்ப்ரே கன்னைப் பிடிக்க, சூசை அவர் சட்டையைப் பிடிக்க, ராக்கப்பன் சூசை சட்டையைப் பிடிக்க, தடவித் தடவிக் காரைக் கண்டுபிடித்தார்கள்.

"அடடா, நாம பட்டி பார்த்தது இவ்வளவு வழவழப்பா!" என்று கோட்டைச்சாமி கதவைத் தடவிக் கொடுத்தார்.

"பானட்டு சுடுதேண்ணே. காய்ச்சலா இருக்குமோ?" என்றான் சூசை.

"இத்தனை வருசம் கழிச்சுப் புதுப் பெயிண்டுடா. அதுக்கும் சந்தோசம் இருக்காதா?"

கண்ணாடி, கைப்பிடி, டயர், நம்பர் பிளேட் எதையும் விடாமல் அடித்து முடித்தபோது, வாசலில் தனுஷ்கோடி "ஐயோ!" என்று அலறினார். கண்ணைத் திறந்தார்கள். மோரிஸ் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் நின்றது. எதிரே நின்றது, ஊர்வலக் காரைப் பார்த்துப் போகலாம் என்று கோவில்பட்டியிலிருந்து சம்பந்தி பால்வண்ணன் ஓட்டிவந்த வெள்ளை அம்பாசிடர். இப்போது அதில் வெள்ளை எங்கும் இல்லை.

நல்லவேளை, சம்பந்தி இன்னும் டீக்கடையில்தான் இருந்தார். தனுஷ்கோடி கையெடுத்துக் கும்பிட்டார். "எம்பொண்ணு வாழ்க்கைப்பா! நான் அவரைப் பேச்சுக் குடுத்து நிறுத்திவைக்கிறேன். முன்னாடி எப்படி வெள்ளையா இருந்துச்சோ அப்படி ஆக்கிடுங்க!"

அவர் அந்தப் பக்கம் போனதும் மூவரும் பாய்ந்து வேலை பார்த்தார்கள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டுதான். பம்பர், பானட், ஹெட்லைட் என்று முன்னாடி முழுக்க வெள்ளை அடித்தார்கள். முன்பக்கக் கதவு தொடங்கும் இடத்தில் கோடு போட்டது போல் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது டீக்கு மேல் சம்பந்தியைப் பிடித்து வைக்க முடியவில்லை. அவர் வந்தார். முன்னால் நின்று பார்த்தார். பக்கவாட்டில் போனார். அப்படியே நின்றுவிட்டார். தனுஷ்கோடி தூணைப் பிடித்துக்கொண்டார்.

பால்வண்ணனின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சம்பந்தி, ஊர்வலம் இந்தக் கார்லதான். பாதி உங்க வீட்டுக் கலர், பாதி எங்க வீட்டுக் கலர். என் மகன் பொறந்ததுலேருந்து நான் இப்படிச் சிரிச்சதில்லை."

தனுஷ்கோடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. மோரிஸ் காரை ஒரு தடவை பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"சரி கோட்டைச்சாமி, இதைப் பின்னாடி பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூவரும் உடனே மோரிஸ் காருக்குப் பின்னாடி போனார்கள். குனிந்தும் நிமிர்ந்தும் வெகுநேரம் பார்த்தார்கள்.

"சார்!" என்று கோட்டைச்சாமி ரோடு வரைக்கும் ஓடினார். "பார்த்துட்டோம் சார்! பின்னாடி ஒரு குறையும் இல்லை!"