சுல்தானுக்குக் கிடைத்த விடுதலை

முன்னொரு காலத்தில் என்று இதைத் தொடங்க வழியில்லை. போன ஐப்பசியில்தான் நடந்தது.

ஊருக்குத் தெற்கே அல்லியேரி என்று ஓர் ஏரி. அதில் ஒரு தாய் விரால் இருந்தாள். முதல் மழைக்குப் பிறகு முந்நூறு குஞ்சு பொரித்திருந்தாள். ஒரு கூடை மிளகாய்ப் பழத்தைத் தண்ணீரில் கொட்டிவிட்டது போல, செக்கச்செவேல் என்று குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் திரியும். அவள் கீழே காவல், அவள் புருஷன் பக்கவாட்டில் காவல். கொக்கு குனிந்தால் வாலால் ஓர் அடி, தண்ணீர்ப் பாம்பு நெருங்கினால் வாயால் ஒரு கடி. குஞ்சுகள் விரல் நீளம் வளரும்வரை இரண்டு பேருக்கும் இரைகூடச் சரியாக இறங்காது.

கரையில் ஒரு தகரப் பலகை நின்றது. ‘வீட்டில் வளர்க்கும் அயல்நாட்டு மீன்களை ஏரியில் விடுவது சட்டப்படி குற்றம்’ என்று அதில் எழுதியிருந்தது. நட்டுவிட்டுப் போனவர்கள் அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பலகை மட்டும் வெயிலிலும் மழையிலும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கமலக்கண்ணன் என்பவர் பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி சுகந்தி. மடியில் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. உள்ளே சுல்தான்.

கமலக்கண்ணன் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை சுலபமாகிவிடும். மீன் என்றால் அவருக்கு உயிர். சுண்டுவிரல் அளவில் வாங்கிய சுல்தானுக்குத் தினமும் கோழி ஈரலைத் தன் கையாலேயே நறுக்கிப் போட்டு வளர்த்தவர். சுல்தானுக்கு முதலை போல நீண்ட வாய், கல் மாதிரிச் செதில். அந்தச் சாதியை யாரும் வளர்க்கக் கூடாது, ஒரு மாதத்துக்குள் மீன் ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அன்றைக்குத்தான் கடைசி நாள்.

பலகையைப் பார்த்ததும் சுகந்தி நின்றுவிட்டாள். “ஏங்க, இங்க விடக்கூடாதுன்னு போட்டிருக்கே. ஆபீஸ்ல கொடுத்துடலாம்.”

“கொடுத்தா மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா? கொன்னுடுவாங்க. என் கையால வளத்தவனை நானே சாகக் கொடுப்பேனா?”

“அப்ப இந்த போர்டு?”

கமலக்கண்ணன் பலகையை ஒரு எழுத்து விடாமல் வாய்விட்டுப் படித்தார். பிறகு, “இது கண்டவன் கண்டதைக் கொண்டாந்து கொட்டறான்ல, அவனுக்கு. நம்மள மாதிரி விவரம் தெரிஞ்சவங்களுக்கு இல்ல” என்றார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அந்தப் பலகையின் மூலையிலேயே மாட்டினார்.

கரையில் ஒரு கல்லின் மேல் கற்பூரம் ஏற்றினார். ஓர் உயிரை விடுவித்தால் புண்ணியம் என்று அவர் நம்பினார். சுல்தானை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. “போய் சந்தோஷமா இருடா” என்றார்.

ஒரே வாரம். ஏரியில் கெண்டைகள் துள்ளுவது நின்றுபோனது. அயிரைகள் சேற்றுக்குள் போனவை வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் சுல்தான் விரால் கூட்டத்துக்குள் புகுந்தான். புருஷன் விரால் குறுக்கே பாய்ந்து கடித்தான். அவன் பல் அந்தச் செதிலில் பட்டு முறிந்ததுதான் மிச்சம். அவனும் போனான், முந்நூறு குஞ்சில் நாற்பது மிஞ்சியது.

தாய் விரால் அந்த நாற்பதையும் கரையோர அல்லிக் கொடிகளுக்குள் ஒளித்து வைத்தாள். பிறகு நேராகப் பலகையிடம் போனாள்.

“காவலுக்குன்னுதானே உன்னை நட்டாங்க? என்ன பண்ணிட்டு இருந்தே?”

“சொல்லிட்டுத்தான் இருந்தேன்,” என்றது பலகை. “அவர் படிக்கவும் படிச்சார். படிச்சிட்டு, இது தனக்கில்லன்னு தன்னைத்தானே விலக்கிக்கிட்டார். அப்புறம் என் தலையிலயே ஹெல்மெட்டை மாட்டினார். எனக்கு வாய் கொடுத்தாங்க, கை கொடுக்கலையேம்மா.”

“கை இல்லாதவளா இருந்தும் நான் பாம்பை விரட்டறேன்!” என்று அவள் சீறினாள்.

அங்கிருந்து திரும்பியவள் ஏரியின் நடு ஆழத்துக்கே போய்விட்டாள். பயம் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“டேய், வெளிய வாடா!”

சுல்தான் வந்தான். கிட்டத்தில் பார்த்தால் அவன் முதுகு கோணலாக இருந்தது. தொட்டியில் வளர்ந்த காலம் முழுக்கத் திரும்பக்கூட இடமில்லாமல் வளைந்தே கிடந்த முதுகு. அவனும் கோபமாகத்தான் இருந்தான்.

“என்னைத் திட்டாதீங்கம்மா. நானா வந்தேன்? கொண்டுவந்தாங்க. எங்க ஆறு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. பசிக்குது, திங்கறேன். எனக்கு வேற என்ன தெரியும்?”

“உன்னை ஆபீஸ்ல கொடுக்கச் சொன்னாங்களாமே, ஏன் கொடுக்கல?”

“வீட்ல தினம் அதே பேச்சுதான். என் வீடு, என் தொட்டி, என் மீன், இதுல சர்க்காருக்கு என்ன வந்தது, அன்பா வளக்கிறவனுக்கு எதுக்குச் சட்டம்னு கத்துவார். அவர் மாதிரி மீன் வளக்கிறவங்க நாலு பேர் வந்து உக்காந்து, சட்டம் போட்டவனுக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பாங்க. அந்தம்மா மட்டும், தொட்டி வரைக்கும் உங்க இஷ்டம், தொட்டிக்கு வெளிய யார் இஷ்டம்னு ஒருநாள் கேட்டாங்க. அதுக்கு எல்லாரும் காபி கேட்டாங்க.”

“ஒருத்தனைக் கொல்ல அவருக்கு மனசு வரல. எங்க இத்தனை பேரைக் கொல்ல எப்படி மனசு வந்துச்சு?”

சுல்தான் தன் நீண்ட வாயைத் தாழ்த்திக்கொண்டான்.

“மனசு வந்து செய்யலம்மா. நீங்க இருக்கீங்கன்னே அவருக்குத் தெரியாது. எனக்குப் பேர் வச்சார். என் செதில் ஒண்ணு உதிர்ந்தாக்கூடத் தூங்கமாட்டார். ஏரின்னா அவருக்கு சும்மா கெடக்கிற தண்ணி.”

சும்மா கிடக்கிற தண்ணீர். தாய் விராலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் அம்மா பிறந்த தண்ணீர், அவள் புருஷன் செத்த தண்ணீர், நாற்பது குஞ்சும் இந்த நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கிற தண்ணீர். அதற்குப் பெயர் சும்மாவா?

“அவர் வெள்ளிக்கிழமை வருவார்,” என்றான் சுல்தான். “பொரி போட்டுட்டு என்னைப் பார்த்துட்டுப் போகணும்னு சொன்னார். நான் கரையோரமா வந்து நிக்கறேன். வலையைப் போட்டா தானா ஏறிக்கறேன். ஆபீஸ்ல கொடுக்கட்டும். கொன்னாலும் சரி. தினம் உங்களைத் தின்னுட்டு, இப்படி உங்க முகத்தைப் பார்த்துட்டு இருக்க என்னால முடியாது.”

“அதுவரைக்கும் பசிக்குமே?”

“பசிக்கும். அல்லிக் கொடிப் பக்கம் வரமாட்டேன்.”

அவன் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. பைக் சத்தம் கேட்டதும் சேற்றிலிருந்து அயிரைகள் தலை நீட்டின. கமலக்கண்ணன் ஹெல்மெட்டைப் பலகையில் மாட்டினார். அவர் கையில் பொரிப் பொட்டலமும், அதோடு ஒரு கைவலையும் இருந்தன.

“அக்கா, வலை! வலை கொண்டாந்திருக்கார்!” என்று ஓர் அயிரை கூவியது. தாய் விராலுக்கு ஒரு வாரமாக இல்லாத மூச்சு வந்தது.

சுல்தான் சொன்ன சொல்படி கரைக்கு வந்தான். மூக்கை உயர்த்தி, தண்ணீரில் தொங்கிய வலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றான்.

“பாத்தியா சுகந்தி, என்னை அடையாளம் தெரிஞ்சு வரான்!” கமலக்கண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுல்தான் வலைக்குள்ளேயே தலையை நுழைத்தான். அவர் சிரித்துக்கொண்டே அவனைப் புறங்கையால் தள்ளினார். “போடா, போ. பழக்கதோஷம் போகல பாரு. இனிமே உனக்கு விடுதலை.”

“ஏங்க, அதுவா வந்து ஏறுது. இப்பவாவது கொண்டுபோய்க் கொடுத்துடலாங்க,” என்றாள் சுகந்தி.

“சும்மா இரு. பெரிய தொட்டி காலியா நிக்குதேன்னு கொஞ்சம் வேலம்பாசி எடுத்துட்டுப் போகத்தான் வலையே கொண்டாந்தேன்.”

பாசியைத் தேடி அவர் அல்லிக் கொடியை விலக்கினார். அங்கே நாற்பது செக்கச்செவேல் குஞ்சுகள்.

“அடடா! என்ன நிறம்டா இது!” அவர் குரல் உருகிவிட்டது. பிறகு சட்டென்று திரும்பி சுல்தானைப் பார்த்தார். “ஐயோ, இவன் இதையெல்லாம் தின்னுடுவானே. பாவம், காப்பாத்தணும்.”

“பக்கத்துல தாய் நிக்குதுங்க.”

“தாயால என்ன பண்ண முடியும்? சுல்தான் முன்னால அது எம்மாத்திரம்?”

வலை இறங்கியது. தாய் விரால் அதன் மேல் தன் உடம்பையே எறிந்தாள். ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை மோதினாள். “நிறுத்து! நிறுத்து!” என்று வலையைக் கடித்து இழுத்தாள்.

“என் மேல கோபப்படாதே தாயி,” என்றது வலை. “கை போற பக்கம் போறவ நான்.”

நாற்பதும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போய்விட்டன. கமலக்கண்ணன் கவரில் காற்றுப் பிடித்து, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினார். ஒரு குஞ்சுக்குக்கூட அடிபடாமல், அத்தனை பதமாகக் கட்டினார். அந்தப் பதத்தைப் பார்த்தபோதுதான் தாய் விராலுக்கு முழுக்கோபமும் வந்தது. கரையின் சேறு வயிற்றில் உரச உரச, அவர் காலடி வரைக்கும் வந்து தலையைத் தூக்கினாள்.

“அன்பா வளக்கிறவனுக்கு எதுக்குச் சட்டம்னு கேட்டியாமே! அன்பில்லாதவன் இந்த ஏரிப் பக்கமே வரமாட்டானேடா! அவனால எங்களுக்கு என்ன கெடுதல்? இந்தப் பலகையை நட்டதே உன் மாதிரி அன்பானவனுக்குத்தான்! உன் அன்பு எங்க நிக்கணும்னு உனக்குத் தெரியல, அதைச் சொல்லத்தான் நட்டாங்க! படிச்சியே, ஒரு எழுத்து விடாம படிச்சியே! கொடுடா என் பிள்ளைகளை!”

அவளுக்குப் பின்னால் சுல்தானும் கத்தினான். பலகையும் துருப்பிடித்த தன் ஆணிகள் கிறீச்சிட ஆடியது.

கமலக்கண்ணன் குனிந்து பார்த்தார். தண்ணீருக்கு மேல் ஒரு விராலின் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பலகையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க பாரேன் சுகந்தி. வாயில்லா ஜீவன், எப்படி நன்றி சொல்லுது பாரு.”