தெரியாதவர்களை எண்ணிய கதை

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டும் செங்கோடன் அண்ணனுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் வெப்சைட் செய்து கொடுத்த அறிவாளிகள் மூன்று பேர்: நாச்சிமுத்து, தெய்வானை, நான். மூவரும் இன்ஜினியர்கள். சான்றிதழ் இருப்பதால் நம்பித்தான் ஆக வேண்டும்.

"ஒரு மாசத்துல நூறு பேராவது சைட்டைப் பார்க்கோணும். இல்லீன்னா சைட்டும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்றார் அண்ணன்.

எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வேலைதான். பயந்துபோய், வருகிறவர்களை எண்ணும் புரோகிராமை அன்றைக்கே சேர்த்தோம்.

முதல் நாளே முந்நூற்றுப் பன்னிரண்டு! எண்ணிக்கை ஏறுகிறதா என்று நாங்களே மாறி மாறித் திறந்து பார்த்ததில் ஏறியது அது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நமக்குத் தெரிஞ்சவங்களை எண்ணாதீங்க. தெரியாதவங்க எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க."

உட்கார்ந்து யோசித்தோம்.

"வர்றது தெரிஞ்சவங்களா இல்லியான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றாள் தெய்வானை.

"கேட்டாப் போச்சு" என்றேன். அந்த யோசனை என்னுடையதுதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதினால்தான் சைட் திறக்கும் என்று மாற்றினோம். மறுநாளே ஒருவர் வந்தார். கொக்கராயன்பேட்டை குழந்தைவேலு, தகப்பனார் மாரப்பன். நான் துள்ளிக் குதித்தேன்.

நாச்சிமுத்து மட்டும் முகத்தைச் சுளித்தான். "பேரு தெரியுது, ஊரு தெரியுது, அப்பன் பேரு வரைக்கும் தெரியுது. இவரைப் போய்த் தெரியாதவர்னு சொன்னா மனசாட்சி ஒத்துக்குமா?"

"நியாயந்தான்" என்றாள் தெய்வானை.

கனத்த மனதோடு குழந்தைவேலுவை அழித்தோம். அதற்குப் பிறகு வந்த நூற்று நாற்பது பேரையும் ஒருவர் விடாமல் படித்து, தெரிந்துகொண்டு, அழித்தோம். கண்ணெல்லாம் எரிந்தது.

மாதக் கடைசியில் கணக்கை அண்ணனிடம் பெருமையாக நீட்டினோம். சைபர்.

"ஒருத்தர்கூடவா வரலை?"

"நூத்தி நாப்பத்தோரு பேரு வந்தாங்கண்ணா. அத்தனை பேரும் தெரிஞ்சவங்களாப் போயிட்டாங்க" என்றேன்.

விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. "வெளிய போங்க! இனிமே உங்களை எனக்குத் தெரியவே தெரியாது!" கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

தெருவில் நின்றோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாச்சிமுத்து மட்டும் மோவாயைச் சொறிந்தபடி யோசித்தான். பிறகு மெதுவாகப் போனை எடுத்தான்.

"அண்ணனுக்கு நம்மளைத் தெரியாதாம். அப்ப நம்மளை எண்ணலாமில்ல?"

மூவரும் ஆளுக்கு ஒரு தடவை சைட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஓடிப்போய் அண்ணன் கதவைத் தட்டினோம்.

"அண்ணா, மூணு ஆயிடுச்சுங்க! இன்னும் தொண்ணூத்தேழுதான்!"