நீர் வார்த்துக் கொடுத்த மலை

முன்பு மருதக்கல் நாட்டை ஆண்ட மாணிக்கவர்மனின் சபையில் சலவைக்காரி சடைச்சி கைகட்டி நின்றாள். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அவள் ஊரின் நாற்பது குடும்பமும் தெருவில் நிற்கும். சரியாகச் சொல்ல வருமா என்று அவளுக்கே சந்தேகம்.

பொக்கிஷ அதிகாரி அம்பலவாணரின் வேட்டியை அவள் அலசியபோது தொட்டியின் அடியில் பொன்துகள் படிந்தது. வேட்டியில் ஒட்டியிருந்ததோ அவள் ஊர் மலையின் செம்மண். மறுநாளே அவர் ராசாவிடம், "அங்கே தண்ணீர் கெட்டது, காய்ச்சல் பரவும். ஊரைக் காலி செய்து மலையை எனக்குத் தாருங்கள், மூலிகை வளர்க்கிறேன்" என்று கேட்டிருந்தார்.

தங்கம் என்று இவள் வாய்திறந்தால் ராசாவே ஊரைக் காலி செய்வான். இரண்டு பேருக்கும் பசி ஒன்றுதான். ஒருவனுக்குக் கிரீடம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் கொடுத்த யானையைச் சாயங்காலம் திருப்பிக் கேட்கிறவன் அவன். வாங்குகிறவர் கையில் நீர் வார்த்துத் தானமாகக் கொடுத்ததை மட்டும் தொடமாட்டான். தொட்டால் வம்சம் அழியும் என்று பயம்.

"என்ன சொல்ல வந்தாய்?" என்றான் ராசா.

"அதிகாரி சாமி சொன்னது சரிதான் மகாராசா. அது உருப்படாத மலை. இல்லையா சாமி?"

"வெறும் கட்டாந்தரை," என்றார் அம்பலவாணர், தொந்தியைத் தடவிக்கொண்டே.

"ஒரு காசு பெறுமா?"

"பெறாது. இதைக் கேட்கவா வந்தாய்?"

"அந்த இடத்துக்குப் போய் சாமி ஏன் காய்ச்சலில் விழவேண்டும்? நாங்கள் விழுந்தால் அழ ஆளில்லை. எங்களுக்கே நீர் வார்த்துக் கொடுத்துவிடுங்கள் மகாராசா."

அம்பலவாணரின் முகம் சுண்டியது. அடுத்தவர் முகம் சுண்டினால் ராசாவுக்குப் பாயசம் குடித்த மாதிரி.

"நீர் வார்க்கக் கிண்டியைக் கொண்டு வா," என்றான்.

சடைச்சியின் கையில் தண்ணீர் விழுந்ததும் அம்பலவாணர் பதறினார். "மகாராசா, அதில் தங்கம் இருக்கிறது."

"உமக்கு எப்படித் தெரியும்?"

ராசா கிண்டியைப் பார்த்தான், நனைந்த தரையைப் பார்த்தான். வார்த்தது வார்த்ததுதான். ஆத்திரமெல்லாம் அம்பலவாணர் மேல் திரும்பியது.

"நாளையிலிருந்து அரண்மனை அழுக்கு மூட்டையை நீரே துவையும். பொன் கிடைத்தால் எனக்குக் கொடும்."

சபை பார்க்கிறதே என்று பிறகு சிரித்தும் வைத்தான். "கெட்டிக்காரி. பரிசு கேள்."

"கொடுத்ததைக் கல்லில் வெட்டித் தாருங்கள். நாற்பது வீட்டுப் பேரும் இருக்கட்டும்."

"முதலில் உன் பேரா?"

ராசா அதை விசாரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை; கல்லில் பேர் இருப்பவரை மிரட்டித் தானாகவே திருப்பிக் கொடுக்க வைப்பான் என்று பட்டது. கல் வெட்டி முடியும்வரை சிற்பியின் பக்கத்தைவிட்டு நகராமல் நின்று, தன் வீட்டுக்கு, செத்து ஒன்பது வருஷமான மாமனாரின் பேரைக் கொடுத்தாள்.