நீலம் பாஞ்ச காளான்

மலைக்காட்டு ஓரத்துல ஒரு பெரிய நாவல் மரம். அதோட உச்சியில சடையன்னு ஒரு கருமந்தி. காவல்தான் அதோட வேலை. சிறுத்தை தலை தெரிஞ்சா "ஹுப்! ஹுப்!"னு கத்தணும். கீழ கடமான்கள் பயமில்லாம மேயுறதே அந்தச் சத்தத்தை நம்பித்தான்!

ஆனா சடையனுக்கு உடம்பு ஓஞ்சு போச்சு. விடாத மழை. கூட்டத்துல பாதிப் பேருக்குக் காய்ச்சல். மாத்தி உக்கார ஆளில்ல. கண்ணு சொக்கிச் சொக்கி விழுது.

மருதிங்கிற கடமான் தன் குட்டியோட வந்துச்சு.

"என்ன சடையா, குரலே காணோம்? முடியலையா?"

"யாருக்கு முடியல? நான் இரும்பு தாயி!"

"அப்போ குட்டி இங்கயே கிடக்கட்டும். நான் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."

மருதி போனதும் சடையன் மெல்ல இறங்குச்சு. மரத்தடியில காட்டுமாட்டுச் சாணி. அதுமேல குடை குடையா காளான். ஒரு நத்தை தின்னுக்கிட்டிருந்துச்சு. அது கடிச்ச இடமெல்லாம் நீலம் பாஞ்சிருந்துச்சு.

"ஏய் நத்தை! இதைத் தின்னா தெம்பு வருமா?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு என்ன ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

"பொடிப்பய உனக்கே ஒண்ணும் ஆகலையாம், எனக்கு என்ன ஆகிடும்!"

கை நிறைய அள்ளி வாயில போட்டுக்கிட்டு மேல ஏறிடுச்சு.

அந்தக் காளானுக்குள்ள ஒரு பொருள் இருக்கு. மனுஷங்க அதுக்கு வச்ச பேரு சைலோசைபின். வெளியிலேருந்து யாரும் கலக்கல, காளானே தனக்குள்ள சமைச்சுக்குது! கடிச்ச இடம் நீலம் பாயுறதும் அதாலதான். வயித்துக்குள்ள போனதும் அது வேற ஒண்ணா மாறி மூளைக்கு ஏறிடும். நத்தை மூளை வேற, மந்தி மூளை வேற.

கொஞ்ச நேரத்துல இலையெல்லாம் மூச்சு விட ஆரம்பிச்சுது. புதர் விலகுச்சு. சிறுத்தை வந்துச்சு. அதோட புள்ளி ஒவ்வொண்ணும் பூவா விரிஞ்சுது.

"அடடா! பூந்தோட்டமே நடந்து வருதே!"

ஹுப்னு கத்தத் தோணவே இல்ல.

குட்டி ஒரே ஒரு தடவை கத்துச்சு.

மருதி ஓடி வந்தப்போ புல்லு மட்டும் நசுங்கிக் கிடந்துச்சு. தேடித் தேடி, சாயங்காலம் திரும்பி வந்து மரத்தடியில நின்னுச்சு. சடையனுக்கு அப்போதான் தெளிஞ்சுது.

"சிறுத்தையைப் பாத்தியா, சடையா?"

"பாத்தேன் தாயி... பூவுன்னு நெனச்சுட்டேன்."

மருதிக்குத் திட்டக்கூடத் தெம்பில்ல.

"முடியலையான்னு கேட்டேனேப்பா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குட்டியைக் கையோட கூட்டிட்டுப் போயிருப்பேனே."

காவலுக்கு நிக்கிறவன் களைச்சுப் போறது தப்பில்ல. களைப்பை மறைச்சுட்டுக் கண்டதைத் தின்னு நிக்கிறதுதான் தப்பு.