மைனஸ் மூணு லாரி தண்ணி

எங்க காலேஜ் ஹாஸ்டல்ல தண்ணிக் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு. வார்டன் திருமேனி சார், கிளார்க் அருளப்பன் சார், அவ்வளவுதான். எத்தனை லாரி தண்ணி வாங்கணும்னு அவங்க ரெண்டு பேரும் யோசிக்க மாட்டாங்க. அதுக்கு ஒரு எக்செல் ஷீட்டு இருக்கு, அது யோசிக்கும்.

அக்னி நட்சத்திரம். டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. என் ரூம்மேட் வில்சன் தலை நெறைய சோப்போட பாத்ரூம்ல நிக்கறான். மத்தியானம் அவனுக்கு வேலைக்கு இன்டர்வியூ. கமிட்டி ஷீட்டைத் தொறந்தா, "டேங்க் ஃபுல், தேவை மைனஸ் மூணு லாரி"ன்னு வருது.

"சார், மழைக் கட்டத்துல ஐப்பசி மழை இன்னும் அப்படியே கெடக்கு. அதை அழிங்க, சரியாயிடும்!"னு கத்தினேன்.

"சும்மா இருடா. ஷீட்டைச் சரிபாக்காம எதையும் செய்யக்கூடாதுன்னு பிரின்சிபால் ஆர்டர். அழிச்சிட்டா அப்புறம் எதைடா சரிபாக்கறது?"ன்னார் வார்டன்.

நியாயம்தானே.

சரிபாத்தாங்க. பிரிண்ட் எடுத்து ஸ்கிரீன் பக்கத்துல வச்சு, ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் டிக் அடிச்சார். ஒரு புள்ளி பிசகல. அப்பவும் அருளப்பன் சாருக்குத் திருப்தி இல்ல. அடுத்த ரூம் கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்தார். அங்கயும் மைனஸ் மூணு.

"ரெண்டும் பேசி வச்சுக்கிட்டா சொல்லும்?"னு வார்டன் உருகிட்டார்.

"ஐயோ, டேங்கை ஒரு தடவை எட்டிப் பாருங்க சார்!"

ஏறிப் பாத்தாங்க. காஞ்ச பாசி, ஒரு செத்த பல்லி. இறங்கும்போது ரெண்டு பேர் முகமும் செத்துப்போச்சு.

"சார், டேங்க் தப்பா இருக்கு."

"ஆமாய்யா அருளப்பன். இதை எப்படித் திருத்தறது?"

ப்ளஸ்னா தண்ணி கொண்டு வரணும், மைனஸ்னா எடுத்துட்டுப் போகணும். அதுல அவங்களுக்குள்ள சண்டையே வரல. போன் போட்டாங்க, லாரி காலியா வந்துச்சு. டிரைவர் முத்தையா குழாயைத் தூக்கிக்கிட்டு டேங்கைப் பாத்தார்.

"எடுக்கறதுக்கு என்ன சார் இருக்கு?"

வார்டன் பிரிண்ட்டை இன்னொரு தடவை பாத்தார். "அப்படின்னா முதல்ல மூணு லோடு ஊத்துப்பா."

ஊத்தினார். நாங்க பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். அருளப்பன் சார் வால்வை மூடி, அதுமேலயே உக்காந்துட்டார்.

"தொடாதீங்கடா! ஒரு மக்கு தண்ணி குறைஞ்சாலும் மூணு வராது!"

அந்த மூணு லோடையும் முத்தையா திரும்ப உறிஞ்சி எடுத்தார். போகும்போது என்னைப் பாத்தார். நான் அவரைப் பாத்தேன்.

"மூணுன்னா மூணு! ஷீட்டு சொன்னா சொன்னதுதான்"னு வார்டன் ஷீட்டுல மைனஸ் மூணு இருந்த கட்டத்துக்கு, வேலை முடிஞ்சுதுன்னு பச்சைக் கலர் அடிச்சிட்டு வந்தார்.

வில்சன் துண்டோட வெளிய வந்தான். சோப்பு காஞ்சு, தலை வெள்ளையடிச்ச மாதிரி இருந்துச்சு. கமிட்டி ரெண்டும் கொளுத்தற வெயில்ல, டேங்குக்கு நேர் கீழ, ஆளுக்கொரு குடையை விரிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"சார், குளிக்கணும்... தண்ணி..."

"அதான் ஷீட்டுல ஃபுல்னு இருக்கேடா, எந்த நேரமும் வழியும்"னு வார்டன் தன் குடையை அவன் தலைக்கு மேல பிடிச்சார். "இன்டர்வியூவுக்குப் போற புள்ள, நனைஞ்சிடாத."